நலம் என்று எழுதாதீர்கள்

என்னங்க,

வழக்கமாக ‘இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்’ என்றுதான் ஆரம்பிப்பேன். இந்த முறை அந்த வரி என் கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது கடைசிவரை படித்தால் உங்களுக்கே புரியும். பாதியில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும்.

பின் வீட்டு டைல்ஸ்காரர் உங்கள் கேம்புக்கே வேலைக்கு வருகிறார். விசா வந்துவிட்டது, டிக்கெட்டுக்காகக் காத்திருக்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயமா என்று கேட்பீர்கள். போனில் சொல்லித்தான் பார்த்தேனே! வாரத்தில் ஒரு நாள் உங்களை வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கூட்டி வருகிறார்கள். அன்றைக்குத்தான் சிக்னல், அன்றைக்குத்தான் எனக்குப் புருஷன். அந்தக் கொஞ்ச நேரத்திலும் ஸ்பீக்கரில் போட்டு ரூமுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறீர்கள்.

போன வாரம் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘இப்பல்லாம் எனக்கு வேர்க்கறதே இல்லடி, உடம்பு பழகிப் போச்சு, கம்பி கட்டிக் கட்டி நானே கம்பி ஆயிட்டேன்’ என்றீர்கள். வேர்க்காமல் இருப்பது நல்லதில்லை, வேலையை நிறுத்திவிட்டு நிழலில் உட்காருங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று நான் படபடவென்று சொன்னேன். அதற்கு நீங்கள், மீன் வெட்டுகிறவளுக்கு யார் டாக்டர் பட்டம் கொடுத்தது என்று கேட்டீர்கள். ரூமே சிரித்தது. நானும் வெட்கத்தில் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்றால் முதலில் படித்தாக வேண்டும் அல்லவா?

குட்டி நன்றாகப் படிக்கிறாள். ஆனால் பள்ளிக்கூடம் காலையில் பாதி நேரம்தான். வகுப்பில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததால் அப்படி மாற்றிவிட்டார்கள். பாடப் புத்தகத்தில் என்னவோ போட்டிருக்கிறதாம், உலகம் முழுக்க விட்ட புகையால்தான் பூமி சூடேறுகிறது என்று. நம் வீட்டில் என்ன புகை விட்டோம் அம்மா என்று கேட்டாள். ஒரு அடுப்பும் உங்கப்பாவின் பீடியும்தான் என்றேன். அதற்கா இவ்வளவு வெயில் என்று கேட்டாள். எதிரே இருக்கும் பெரிய குடியிருப்பைக் காட்டினேன். அதன் பின்பக்கச் சுவர் பூராவும் ஏசி பெட்டிகள் நம் சந்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. அவர்கள் அறையில் இருந்து எடுக்கிற சூட்டை நம் சந்தில்தான் கொட்டுகிறார்கள். தின்கிறவன் ஒருவன், எச்சில் இலை எடுக்கிறவன் ஒருவன்.

நம் வீட்டுத் தகரக் கூரையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் போட்டதுதான். ஆனால் நீங்கள் இருந்தபோது பொழுது சாய்ந்ததும் அது டிக் டிக்கென்று சத்தம் போட்டு ஆறுமே, அந்தச் சத்தத்தை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. இப்போது அது ஆறுவதே இல்லை. அலமாரியில் வைத்த மெழுகுவர்த்தி கொளுத்தாமலே தலை குனிந்து கிடக்கிறது. குழாயைத் திறந்தால் டீ போடுகிற பதத்தில் தண்ணீர் வருகிறது, அதுவும் வருகிற நாளில். கலெக்டர் ஆபீசில் இருந்து ஒருவர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார். மதிய நேரத்தில் யாரும் வெளியே வராதீர்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த நேரத்தில் நம் தெரு ஜனம் மொத்தமும் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியேதான் உட்கார்ந்திருந்தது. மைக் வைத்திருந்தவருக்கே பாவம், குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

இஸ்திரி அண்ணன் ஜுரத்தில் போய்விட்டார் என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா? அது ஜுரம் இல்லை. தூரத்தில் இருக்கிறவரை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று அப்போது சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அவரும் உங்களைப் போலவேதான் பேசிக்கொண்டிருந்தார்.

அவருக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க நெருப்புப் பெட்டி போன்ற கடைக்குள் நின்று துணி தேய்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த ஆள் வேர்த்து ஊற்றினால் கிண்டல் செய்வார். பழைய ஆளுக்கு வேர்க்காது, என் சட்டையைத் தொட்டுப் பார், காய்ந்து கிடக்கும் என்று பெருமையடிப்பார். நாங்களும் அவர் உடம்பு உரமேறிய உடம்பு என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் மதியம் கடையில் இருந்து தள்ளாடிக்கொண்டு வந்தார். குளிருகிறது என்றார். அந்த வெயிலில் அவருக்குப் பல் கிட்டியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அனலாய்க் கொதித்தால் நமக்கெல்லாம் என்ன தெரியும்? ஜுரம். ஜுரம் வந்தால் என்ன செய்வோம்? போர்த்துவோம். இஸ்திரி அக்கா ஒரு போர்வையைப் போட்டாள். குளிர் அடங்கவில்லை என்றதும் பக்கத்து வீட்டில் இருந்து இன்னொன்று வந்தது. நான் ஓடிப்போய், நீங்கள் போன தடவை கொண்டுவந்தீர்களே, புலிப் படம் போட்ட வெளிநாட்டுக் கம்பளி, அதைக் கொண்டுவந்து போட்டேன். காற்று படக்கூடாது என்று ஜன்னலையும் சாத்தினோம். ஜுர மாத்திரையைப் பொடித்துக் கரைத்து வாயில் ஊற்றினோம். கம்பளிக்குள் இருந்து அவர் ஏதேதோ பேசினார். கல்யாண மாப்பிள்ளை சட்டை தீய்ந்துவிட்டது, ஆளைக் கூப்பிடு என்று கத்தினார். ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று அக்கா நெற்றியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தெருக்கோடியில் இருக்கிற நர்ஸக்கா டூட்டி முடிந்து வந்து உள்ளே நுழைந்ததும் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அந்த மாதிரி ஒரு மனுஷி கத்தி நான் கேட்டதில்லை. எல்லாப் போர்வையையும் பிடுங்கி எறிந்தாள். குடத்துத் தண்ணீரை எடுத்து அவர் மேல் கவிழ்த்தாள். அவர் அதற்குள் போய்விட்டிருந்தார். யாரையும் அவள் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, ஈரத்தோடு அவர் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, ஆளுக்கொரு போர்வை கொடுத்து, அன்பாக அவரைக் கொன்றிருக்கிறோம். வேறு எப்படிச் சொல்வது? அந்தக் கம்பளியை இஸ்திரி அக்கா துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அதை நான் என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் போட்டிருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது கம்பளி மட்டும் கொண்டுவராதீர்கள்.

காரியம் முடிந்த கையோடு நர்ஸக்கா தெருவைக் கூட்டினாள். படித்தவள் மாதிரிப் பேசவில்லை, சண்டைக்காரி மாதிரிப் பேசினாள். வேர்வை என்பது உடம்பு தன் மேல் தானே தெளித்துக்கொள்கிற தண்ணீர். உள்ளே தண்ணீர் இல்லையென்றால் எதைத் தெளிக்கும்? நின்றுபோகும். நின்ற பிறகு உடம்பு அடுப்பில் வைத்த வெறும் பாத்திரம். இது ஜுரம் இல்லை, மாத்திரைக்குக் கட்டுப்படாது, போர்த்தினால் ஆள் காலி என்றாள். சிலருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் இது வருமாம். அதனால் வேர்வையை மட்டும் பார்க்காதீர்கள், பேச்சைப் பாருங்கள், பேச்சு தடம் மாறினால் மூளை வேகிறது என்று அர்த்தம் என்றாள். ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாதாம். முதலில் குளிர வை, அப்புறம் கொண்டு போ. இதை எங்கள் எல்லோரையும் சின்னப் பிள்ளைகள் மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

எதில் வைத்துக் குளிர வைப்பது? நம் தெருவில் யார் வீட்டில் தொட்டி இருக்கிறது? அதற்கு வழி சொன்னது நம் பஞ்சர் கடைக்காரர். தேர்தலுக்குக் கட்டிய ஃப்ளெக்ஸ் ஒன்றை அவர் கடை வெயிலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார், அதை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஆளைப் படுக்க வைத்து நாலு மூலையையும் நாலு பேர் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. ஐஸுக்கு எங்கே போவது என்றபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மார்க்கெட்டில் மதியம் கடை கட்டும்போது பெட்டியில் மிச்சமிருக்கிற ஐஸை நாங்கள் சாக்கடையில்தான் கொட்டுவோம். இப்போது அது சாக்குப் பையில் கட்டித் தெருவுக்கு வருகிறது. மீன் வெட்டுகிறவளுக்கு டாக்டர் பட்டம் யாரும் கொடுக்கவில்லை, ஐஸ் பதவி கொடுத்திருக்கிறார்கள்.

யோசனை சொன்னவருக்கே முதல் மரியாதை கிடைத்தது. பஞ்சர்க்காரர் லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று டயரைப் பார்த்து அதட்ட ஆரம்பித்தார். ஏய் எழுந்திரு, ஸ்கூலுக்கு நேரமாச்சு என்கிறார் டயரிடம். முன்பு என்றால் குடித்துவிட்டார் என்று சிரித்திருப்போம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நிழலுக்கு இழுத்து, ஃப்ளெக்ஸில் கிடத்தி, நெஞ்சுவரை தண்ணீரும் ஐஸும் கொட்டி, பிள்ளையைத் தூளியில் ஆட்டுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினோம். அவர் உடம்புதான் உங்களுக்குத் தெரியுமே, எங்களுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. இஸ்திரி அக்காவும் ஒரு மூலையைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, யார் என் மேல் மீனைக் கொட்டியது என்று. ஃப்ளெக்ஸ் படத்தில் இருந்த தேர்தல்காரர் சிரித்த முகத்தோடு கும்பிட்டபடி அடியில் கிடந்தார். ஓட்டுப் போட்டதற்கு அந்த ஆள் நமக்குச் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான்.

இதற்குப் பிறகுதான் நாங்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்தோம். பேர் எதுவும் வைக்கவில்லை. கூரைகளுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம், கொஞ்சம் தேவலை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய அறையை மதியத்துக்குத் திறந்துவிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் போய் நின்றோம். முதலில் முடியாது என்றார், இஸ்திரி அக்கா பேசாமல் அவர் எதிரில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். மதியத்தில் இரண்டு இரண்டு பேராகப் போய், தனியாக இருப்பவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம். நானும் இஸ்திரி அக்காவும் ஒரு ஜோடி.

மார்க்கெட்டுக்கு நேரமாகிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

மேலே எழுதியதை அப்படியே மடித்து வைத்திருந்தேன். டைல்ஸ்காரருக்கு டிக்கெட் தள்ளிப் போனது நல்லதாயிற்று. இரண்டு விஷயம் நடந்துவிட்டது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள், நானும் திடப்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மாடித் தையலக்கா போய்விட்டாள். உங்கள் சட்டைக் காலரைப் புரட்டிப் போட்டுப் புதுசு மாதிரித் தைத்துக் கொடுப்பாளே, அவள்தான். மொட்டை மாடி அறையில் ஒண்டியாக இருந்தாள். தனியாக இருக்கிற பெண் என்பதால் எப்போதும் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டுதான் தைப்பாள். அன்றைக்கு நானும் இஸ்திரி அக்காவும் படியேறிப் போய்க் கதவைத் தட்டினோம். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா, நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். ‘நல்லா இருக்கேன்’ என்று உள்ளிருந்து சொன்னாள். குரலில் ஒரு குறையும் இல்லை. மிஷின் ஓடுகிறது, வாய் பேசுகிறது, வேறென்ன வேண்டும்? இறங்கி வந்துவிட்டோம்.

சாயங்காலம் துணி வாங்க வந்தவர்கள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து சொன்னார்கள். பஞ்சர்க்காரர் கதவை உடைத்தார். அவள் மிஷின் மேலேயே சாய்ந்து கிடந்தாள். நாங்கள் ஐஸும் கொண்டு போனோம், ஃப்ளெக்ஸும் கொண்டு போனோம். எதற்கும் வேலை இருக்கவில்லை.

மிஷினில் இருந்த ஜாக்கெட் துணியை நான்தான் எடுத்தேன். என்னங்க, ஊசியில் நூலே இல்லை. நூல் இல்லாத ஊசியால் அந்தத் துணி முழுக்கத் தைத்திருக்கிறாள். கை வைக்க வேண்டிய துண்டைக் கழுத்தில் வைத்து, மேலும் கீழுமாக, ஓட்டை ஓட்டையாக, துணி சல்லடையாகக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாலும் கோடு மாறாத கை அவளுடையது. நாங்கள் கதவைத் தட்டியபோது கேட்ட சத்தம் அந்தச் சத்தம்தான். அப்போதே அவள் அவளாக இல்லை. ஆனாலும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டதும் வாய் தானாகவே நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டது. சின்ன வயதில் இருந்து சொல்லிப் பழகிய வாய். மூளை வெந்தாலும் அந்த வார்த்தை மட்டும் வேகாது போலிருக்கிறது. என்னைக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். ஒவ்வொரு போனிலும் சொல்கிறீர்கள்.

இஸ்திரி அக்கா அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். புருஷனுக்கு அழாதவள் தையலக்காவுக்காக அழுதாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நாங்கள் யாரிடமும் நல்லா இருக்கீங்களா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியையே தெருவை விட்டுத் துரத்திவிட்டோம். அதற்குப் பதிலாக, யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும் என்கிற மாதிரிக் கேள்வி கேட்கிறோம். இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சமைத்தீர்கள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கென்ன பைத்தியமா என்று தள்ளுவண்டியில் காய் விற்கிற அம்மா துடைப்பத்தை எடுத்தாள். துடைப்பத்தை எடுக்கிற அளவுக்குத் தெம்பு இருந்தால் சரிதான் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தோம். கதவையும் திறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறோம். கண் கெட்ட பிறகு வந்த புத்தி.

இது முதல் விஷயம். இரண்டாவது விஷயம் உங்களைப் பற்றியது.

நேற்று உங்கள் லீவு நாள். காலையில் இருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசினீர்கள். குரல் கொஞ்சம் இழுத்தது. எப்படி இருக்கீங்க என்று நான் கேட்கவில்லை, கவனித்தீர்களா? நான் கேட்காமலே நீங்களாகச் சொன்னீர்கள், நல்லா இருக்கேன் என்று. தலை மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றீர்கள். சிறுநீர் டீத்தண்ணி மாதிரிப் போகிறது என்பதையும் ஒரு தமாஷாகச் சொன்னீர்கள். தண்ணீர் குடித்தால் அத்தனை மாடி இறங்கிப் போக வேண்டும், இறங்கினால் மேஸ்திரி கத்துகிறார், அதனால் குடிப்பதையே குறைத்துவிட்டோம், குடிக்காவிட்டால் வேர்வையும் குறைகிறது, சட்டையும் காய்கிறது என்றீர்கள். அப்புறம் கேட்டீர்கள்.

கறுப்பனுக்குச் சோறு வெச்சியா என்று கேட்டீர்கள்.

எந்தக் கறுப்பன் என்று கேட்டேன். ‘நம்ம கறுப்பன்டி, வாசல்ல கட்டியிருக்கேனே, வெயில்ல கிடக்கறான் பாரு, அவுத்து விடு’ என்றீர்கள். சலிப்பாக வேறு சொன்னீர்கள், தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிற மாதிரி. உங்கள் பேர் என்ன, சொல்லுங்கள், என்று நான் கத்தினேன். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு தடவை யாரோ எடுத்து, அண்ணன் வண்டியில் ஏறிவிட்டார், அசதியில் தூங்குகிறார் என்று சொன்னார்கள். எழுப்புங்கள், தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. அதற்கப்புறம் சிக்னல் இல்லை. உங்கள் கம்பெனி ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன். அங்கே எடுத்தவருக்கு நான் பேசுவது புரியவில்லை, அவர் பேசுவது எனக்குப் புரியவில்லை. உங்களை அனுப்பி வைத்த ஏஜென்டிடம் போனேன். அங்கெல்லாம் டாக்டர் இருப்பார்கள் அம்மா என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

டைல்ஸ்காரர் நாளைக்குக் காலையில் கிளம்புகிறார். அடுத்த லீவு நாளுக்கு முன்னால் கேம்புக்கு வந்துவிடுவார். போனைவிட மனிதர் சீக்கிரம் போய்ச் சேர்கிற காலமாக இருக்கிறது. அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். பையில் ஒரு பெரிய பொட்டலமும் இருக்கும். பிரித்துப் பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள். பஞ்சர்க்காரர் படுத்துப் பிழைத்த அதே ஃப்ளெக்ஸ். சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்து மடித்திருக்கிறேன், மீன் வாசம் முழுக்கப் போகவில்லை. தெருவுக்கு வேறு ஃப்ளெக்ஸ் கிடைத்துவிட்டது. ஓட்டுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் நம் ஊரில் பஞ்சமா? இதை நீ அவருக்குக் கொடுத்தனுப்பு என்று பஞ்சர்க்காரரே கொடுத்தார். கொடுக்கும்போது கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

இனி எழுதுவது ரூமில் இருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு. அவருக்கு முன்னால் நீங்கள் இதைப் பிரித்திருந்தால் தப்பில்லை. அவரால் படிக்க முடியாமல் நீங்கள் படித்துக்கொண்டிருந்தாலும் தப்பில்லை. நிறுத்தாமல் படியுங்கள். ரூமில் யாராவது குளிருகிறது என்றால் போர்த்தாதீர்கள். சம்பந்தமில்லாமல் பேசினால் சிரிக்காதீர்கள், தூங்கட்டும் என்று விடாதீர்கள். நிழலில் ஃப்ளெக்ஸை விரித்துப் படுக்க வையுங்கள். நாலு பேர் நாலு மூலையைப் பிடியுங்கள். கிடைக்கிற தண்ணீரை எல்லாம் ஊற்றுங்கள். சமையல்கட்டில் ஐஸ் இருந்தால் கேட்காமலே எடுத்துக்கொள்ளுங்கள். தலை மட்டும் மேலே இருக்கட்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர் அலையடிக்கிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒருவர் ஆஸ்பத்திரி வண்டிக்கு ஓடுங்கள், மற்றவர்கள் ஆட்டுவதை நிறுத்த வேண்டாம். மேஸ்திரி கத்துவார். கத்தட்டும். நாலு மூலையையும் யாரும் விட்டுவிடாதீர்கள், அந்தத் தூளியில் கிடப்பது ஒரு ஆள் மட்டும் இல்லை. உங்கள் எல்லோருக்கும் வீட்டில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். அவளுக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்னங்க, மறுபடி உங்களிடம்தான் பேசுகிறேன். மாடி இறங்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். வேலை போனால் போகட்டும், திரும்பி வாருங்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரர்கள் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். உயிரை அவர்கள் பெட்டியில் வைக்க முடியாது. இங்கேயும் வெயில்தான், மறைக்கவில்லை. ஆனால் இங்கே நீங்கள் விழுந்தால் பிடிக்க நான் இருக்கிறேன். ஊரில் யார் யாருக்கோ ஐஸ் சுமந்து கொண்டு போய்க் கொட்டுகிறேன். உங்கள் நெற்றியில் ஒரு துண்டு வைக்க என் கை எட்டவில்லை. இதை நினைத்தால் எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

டைல்ஸ்காரர் அங்கே சேர்ந்ததும், அவரைக் கொண்டுவந்து விடுகிற ஏஜென்ட் ஆள் ஊருக்குத் திரும்பி வருவாராம். அவர் கையில் பதில் கொடுத்தனுப்புங்கள். அடுத்த லீவு நாளில் போனும் பண்ணுங்கள், ஆனால் எழுத்திலும் எனக்கு வேண்டும். நலம் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வார்த்தையை நான் இனி நம்ப மாட்டேன். அதற்குப் பதிலாக நான் கேட்கிறதற்குப் பதில் எழுதுங்கள்.

உங்கள் பேர் என்ன? நீங்கள் இதை எழுதுகிற நாள் என்ன கிழமை? குட்டி எந்தக் கையால் எழுதுவாள்? அதற்காக அவளை நீங்கள் அடிக்கப் போனபோது குறுக்கே வந்து நின்றது யார்? எனக்குக் கோபம் வந்தால் உங்கள் சாமானில் எதை முதலில் ஒளித்து வைப்பேன்? குட்டி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் வேப்பமரத்தடியில் நீங்களே குழி வெட்டி, கழுத்துச் சங்கிலியோடு இறக்கி, மண்ணைத் தள்ளிவிட்டு, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அந்தக் குழியில் இருப்பது யார்?

யோசித்து எழுதுங்கள், அவசரம் இல்லை. தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, நான் திருத்திக்கொள்கிறேன். எல்லாமே தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் கையெழுத்தாக இருந்தால் போதும்.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் மீன்காரி